கடன் வாங்கிய வானம்

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒரு படம் உலகம் முழுக்க ஓடியது. உங்களுக்கும் வந்திருக்கலாம். சுதந்திர தேவி சிலை. அதன் தலைக்கு மேல் ராட்சதக் குடை மாதிரி சுழன்று திரண்ட கருமேகம். பார்த்தவுடன் அடிவயிறு கலங்கும்.

படம் டூப். ஆனால், மேகம் அசல். புயல் மேகங்களைத் துரத்தித் துரத்திப் படமெடுக்கும் மைக் ஹாலிங்ஸ்ஹெட் என்கிற அமெரிக்கர் 2004-ல் நெப்ராஸ்காவில் எடுத்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதை வெட்டி நியூயார்க்கில் ஒட்டிவிட்டார்.

ஒட்டியவருக்கு போட்டோ வேலை தெரிந்திருக்கிறது, வானிலை தெரியவில்லை. நெப்ராஸ்கா மேகத்துக்குப் பெயர் 'சூப்பர்செல்'. மேலேறும் காற்றே பம்பரமாகச் சுழலும் தனி இடிமேகம். சுற்றிலும் தட்டையான சமவெளி என்பதால் தூரத்தில் நின்று முழு உருவத்தையும் பார்க்கலாம். சாண்டி போன்ற கடல் புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம். அதன் அடியில் நிற்பவருக்கு உருவமே தெரியாது, சாம்பல் நிறக் கம்பளி மட்டும்தான். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தாவைப் பார்த்த சென்னைக்காரர்களைக் கேளுங்கள். மரம் சாய்ந்த கதையும் காற்றின் ஊளையும்தான் சொல்வார்கள். வானம் எப்படி இருந்தது என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

சரி, வானத்தைக் கடன் வாங்குவது கம்ப்யூட்டர் காலத்துப் பழக்கமா? இல்லை. 1850-களிலேயே பிரான்ஸில் குஸ்தாவ் லு கிரே இதைச் செய்தார். அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ், நீல வெளிச்சத்தை அளவுக்கு மீறி உறிஞ்சும். தரைக்குச் சரியான வெளிச்சம் வைத்தால் வானம் வெளிறி, மேகம் காணாமல் போகும். மேகத்துக்குச் சரியாக வைத்தால் தரை இருட்டு. லு கிரே கடலைத் தனியாக, வானத்தைத் தனியாக எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். 1857-ல் செத் என்ற ஊரில் எடுத்த 'பெரிய அலை' அப்படிப் பிறந்ததுதான். 1999-ல் லண்டன் ஏலத்தில் அதன் ஒரு பிரதி 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது! ஒரே வானத்தை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் பயன்படுத்தியதும் உண்டு. பி.காம். படித்த என் புத்திக்கு, ஒரே பத்திரத்தை இரண்டு பேங்கில் அடகு வைத்த கதை ஞாபகம் வருகிறது.

இருந்தாலும் லு கிரேயை நான் மன்னிப்பேன். கண் பார்த்ததை அவருடைய கண்ணாடியால் பார்க்க முடியவில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஒட்டுப் போட்டார். நமக்கு என்ன குறை?

2020 செப்டம்பர் 9. கலிஃபோர்னியா காட்டுத் தீயின் புகையால் சான்ஃபிரான்சிஸ்கோ பட்டப்பகலில் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. ஜனங்கள் செல்போனை நீட்டினால் பல படங்களில் வானம் மங்கலான சாம்பல்! 'இவ்வளவு ஆரஞ்சு இருக்க முடியாது' என்று கேமராவே முடிவுசெய்து நிறத்தைத் திருத்திவிட்டது. அடுத்த மாதமே ஃபோட்டோஷாப்பில் வானத்தை மாற்றித் தரும் வசதி வந்தது. நிஜமாகச் சிவந்த வானத்தை ஒரு மெஷின் வெளுக்கிறது, வெளுத்த வானத்தை இன்னொரு மெஷின் சிவக்கவைக்கிறது. நடுவில் நாம் லைக் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

'அழகாக இருந்தால் போதாதா சார்?' என்பீர்கள். கல்யாண ஆல்பத்துக்குப் போதும். புயல் சமயத்தில் போதாது. பொய்ப் படத்தை நம்பி ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினால்கூடப் பரவாயில்லை, உயிரோடு இருப்பார். இரண்டு முறை ஏமாந்தவர், மூன்றாம் முறை நிஜப் படம் வரும்போது 'போன வருஷத்துப் படம்' என்று சொல்லிவிட்டு டி.வி. பார்ப்பார். எனக்கு அவரைப் பற்றித்தான் பயம்.

யோக்கியமான படத்துக்கு மரியாதையும் உண்டு. தலைகீழான கடல் மாதிரி அலையடிக்கும் ஒரு மேகத்தைப் பல நாடுகளில் சாதாரண ஜனங்கள் படமெடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2017-ல் சர்வதேச மேக அட்லஸ் அதை 'ஆஸ்பெரிடாஸ்' என்ற பெயரில் சேர்த்துக்கொண்டது. படம் எடுத்தால் தேதி, நேரம், இடம், பார்த்த திசை நாலையும் குறித்து வையுங்கள். கேமராவில் நிறத்தை ஆட்டோவில் விடாமல் 'டேலைட்'டில் நிறுத்துங்கள்.

அடுத்தவர் படத்தைப் பார்க்கும்போது வானத்தை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். மேலே ரத்தச் சிவப்பு, கீழே தேங்கிய தண்ணீரில் வெள்ளை வெளிச்சம் என்றால் கடன்தான். மெரினாவில் கடலுக்குள் சூரியன் மறைகிறதா? அது காலைப் படம். சென்னைக்கு மேற்கே கடல் கிடையாது.

நம் ஊரின் அசல் மாலைக் காட்சி வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, சில நாட்கள் மேற்கே இடிமேகம் கட்டும். சாயங்காலம் ஊரை நனைத்துவிட்டுக் கடலுக்குப் போகும். அந்த நேரம் பார்த்து மேற்கு வானம் கொஞ்சம் திறந்துகொண்டால், இறங்கும் சூரியன் அந்த மேகத்தின் முகத்தில் நேராக அடிக்கும். கீழே கடல் ஈய நிறம், மேலே மேகம் செம்பு நிறம், அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் வானவில். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எடுக்கவேண்டிய படம் இது. இடி கேட்டால் மணலில் நிற்காதீர்கள், காருக்குள் இருந்து எடுங்கள். கொஞ்ச நேரம்தான் கிடைக்கும்.