சரியும் தோள்

மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்பும் நான்கு பேருமே ஆண்கள். சிலை நிறுவப்பட்ட 1959இல் இந்த நகரத்தின் கட்டட வேலைகளில் கல்லும் மண்ணும் கலவையும் சுமந்தவர்களில் சித்தாள் பெண்கள் ஏராளம். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கண்ணில் அவர்கள் படாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அவர் பழகியிருந்த உருவப் பயிற்சியில் உழைக்கும் உடல் என்றால் முறுக்கேறிய ஆண் முதுகு. பெண்ணுடல் என்றால் வளைவு, சாய்வு, ஓய்வு. இது ஒரு தனி மனிதரின் ரசனை மட்டுமல்ல. 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வராக வந்து, அதை நுண்கலையின் பக்கம் திருப்பியவர் அவர். இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரி. மனித உருவத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்த இடம் அதுதான்.

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ வீடு, மின்ரயிலில் போய் வந்து நான்கு ஆண்டு இளங்கலை முடித்து முதுகலையில் ஓவியம் படிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஏழரைத் தலை உயரக் கணக்கு, எலும்பு, தசை எல்லாம் அவளுக்கு முன்பே கைவந்தவை. முதுகலையில் கேட்கப்படுவது வேறு: இந்த உடலின் எடை எங்கே விழுகிறது? நிற்கும் உருவமானால் கழுத்துக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டதுபோல ஒரு நேர்கோட்டை இறக்கிப் பார்க்க வேண்டும். எடை முழுவதும் ஒரே காலில் என்றால் அது அந்தக் கணுக்காலில் வந்து நிற்கும். நிற்காவிட்டால் படத்தில் உள்ளவர் விழுந்துவிடுவார். அமர்ந்த உருவத்தில் கணக்கு இன்னும் நுட்பமானது. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் தோள் எதிர்ப்பக்கம் ஈடுசெய்யும்.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். எந்த மனித உடலும் அரைமணி நேரம் அசையாமல் இருக்காது. தோள் மெல்லச் சரியும், முதுகு கூனும், ஊன்றிய கை நடுங்கும். வகுப்பு மொழியில் இதற்குப் பெயர் ‘போஸ் மாறிடுச்சு’. மாடலின் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பதே, இடைவேளை முடிந்து வந்ததும் பழைய நிலையில் திரும்ப உட்கார வைக்கத்தான். எடை எங்கே விழுகிறது என்று பார்க்கக் கற்ற கண்ணே, அந்த எடையைச் சுமந்தவரின் களைப்பைப் பிழையாகக் கணக்கெடுக்கிறது.

பெண்கள் இந்த வகுப்புக்குள் நுழைவதே ஒரு காலத்தில் போராட்டம். லிண்டா நாக்லின் 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மகத்தான பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்குத் திறமையில் விடை தேடவில்லை. நிர்வாண மாடலை வரையும் வகுப்பின் கதவு பெண்களுக்கு மூடியிருந்ததைச் சுட்டிக்காட்டியது. லண்டன் ராயல் அகாடமியைத் தொடங்கியவர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். உறுப்பினர்கள் ஆண் மாடலைச் சூழ்ந்திருப்பதாக ஸோஃபனி வரைந்த ஓவியத்தில் அந்த இருவரும் சுவரில் தொங்கும் படங்களாக மட்டுமே இருக்கிறார்கள். கதவு திறந்தது நல்லது. ஆனால் உள்ளே போன பெண்ணுக்குக் கிடைத்தது ஆண் உட்கார்ந்த அதே ஸ்டூல், அதே கோணம். மேடையில் கூலிக்கு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி நம் பெண்ணியம் அதிகம் பேசவில்லை. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வந்தபோது எழுந்த கூச்சலும் அதற்குக் கிடைத்த பதிலும் தமிழ்க் கவிதையில் பெண்ணுடலைப் பேசும் உரிமையை நிலைநாட்டின. ஓவியத்தைப் பற்றி அப்படியொரு சண்டையை நாம் போட்டதேயில்லை.

மகாபலிபுரம் அரசு சிற்பக் கல்லூரி வழியில் இந்தச் சிக்கலே எழாது, அங்கே மரபு அளவுகள் உண்டே என்பார்கள். உண்மைதான். பெருந்தெய்வத்துக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். தேவிக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. (குறைவாகத்தான் இருக்கும், வேறென்ன!) அளவுநூலிலிருந்து பிறக்கும் உடலுக்குத் தோள் சரிவதில்லை. அதனாலேயே அது இந்தக் கேள்விக்கு உதவுவதுமில்லை.

உதவுபவர் அம்ரிதா ஷெர்கில். பாரிஸில் மாணவியாக இருந்தபோது, 1933இல், ‘தொழில்முறை மாடல்’ என்ற ஓவியத்தை வரைந்தார். தளர்ந்த மார்பு, ஒடுங்கிய தோள், பார்ப்பவரை மகிழ்விக்கும் எண்ணமே இல்லாத முகம். அந்த மாடல் காசநோயில் இளைத்தவர் என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்துக்குச் சானடோரியம் என்று பெயர் தந்ததும் ஒரு காசநோய் மருத்துவமனைதான். அப்படி இளைத்த உடல்கள் நமக்கும் அந்நியமல்ல. ஷெர்கில் தலைப்பிலேயே தொழிலைச் சொல்லிவிடுகிறார். இவள் வீனஸ் அல்ல, உட்கார்ந்து சம்பாதிப்பவள்.

சென்னைக் கல்லூரியிலேயே படித்த டி.கே. பத்மினியை நம் மாணவிகள் இன்னும் அதிகமாகப் பார்க்க வேண்டும். பொன்னானிப் பக்கத்திலிருந்து வந்து, 1960களில் கே.சி.எஸ். பணிக்கரின் காலத்தில் பயின்றவர். 1969இல் பிரசவத்தில் இறந்தபோது வயது 29. ஆடையற்ற பெண்களைத் தயக்கமில்லாமல் வரைந்தார். அந்தப் பெண்கள் யாருக்காகவும் போஸ் கொடுப்பதில்லை. மண்ணோடும் செடியோடும் சேர்ந்து கனமாக இருக்கிறார்கள். அவர் படித்த காலத்தில்தான் அந்தக் கல்லூரி அகாடமி பாணியை உதறிக் கோட்டின் பக்கம் போனது. பணிக்கரும் மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை அமைத்தார்கள். அந்தத் திருப்பத்தில் பெண்ணுடல் பலரிடம் தேவியாக, குறியீடாக மாறியது. பத்மினியிடம் அது எடையுள்ள உடலாகவே இருந்தது என்பதுதான் என் வாசிப்பு.

மாடல் வேண்டாம், ரயிலில் வரையலாமே என்று மாணவிகள் சொல்வதுண்டு. எழும்பூர், சென்ட்ரல் நிலையங்களில் அமர்ந்து ஸ்கெட்ச் செய்வது கலை மாணவர்களின் பழைய பழக்கம். தாம்பரம்–கடற்கரை ரயிலின் மகளிர் பெட்டியைப் போல ஒரு வகுப்பறை கிடைக்காதுதான். கதவோரம் கூடையோடு குந்தியிருப்பவர், இரவுப் பணி முடிந்து ஜன்னலில் தலை சாய்த்த செவிலியர், குழந்தையின் எடையை ஒரே இடுப்பில் தாங்கி நிற்கும் தாய். களைப்பை மறைக்காத உடல்கள். ஆனால் தூங்கும் பெண்ணிடம் யார் அனுமதி கேட்டது? பெண் வரைந்தால் மட்டும் அது திருட்டுப் பார்வை இல்லை என்று ஆகிவிடாது. கூலி பேசி மேடையேறிய மாடலுக்கு, தான் பார்க்கப்படுகிறோம் என்றாவது தெரியும். அந்த ஏற்பாடே மேல் என்று நினைக்கிறேன்.

அதற்காக அது நியாயமான ஏற்பாடு என்றும் சொல்ல மாட்டேன். ரவி ஜாதவின் ‘நியூட்’ என்ற மராத்திப் படத்தை 2017இல் கோவா திரைப்பட விழாவிலிருந்து நீக்கினார்கள். மகனைப் படிக்கவைக்க மும்பைக் கலைக் கல்லூரியில் மாடலாகிற யமுனாவின் கதை. மகனுக்கே தெரியாமல் அவள் செய்கிற வேலை அது. படத்தின் மூலையில் மாடலின் பெயரையும் எழுத வேண்டும் என்று நானும் பேசியிருக்கிறேன். யமுனா போன்றவருக்கு அந்தப் பெயரே ஆபத்து. எழுதலாமா என்று அவரிடம் கேட்பது வேறு. கேட்க வேண்டுமென்றால் முதலில் அவரோடு பேச வேண்டும், இடைவேளையில் டீ குடிக்க வேண்டும், இன்றைக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வரைதலுக்குள்ளேயே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கடைசி அரைமணியில் மாடலின் தோள் இறங்கும்போது ‘நிமிருங்க’ என்று சொல்லாமல், முதலில் போட்ட கோட்டையும் அழிக்காமல், அதன் கீழேயே புதிய தோளைப் போடலாம். தாளில் ஒரே பெண்ணுக்கு இரண்டு தோள்கள் இருக்கும், நடுவில் அந்த அரைமணி நேரம் இருக்கும். மதிப்பெண் கொஞ்சம் குறையலாம்.