பதக்கத்தோடு முடியாத படம்

ஆடி மர்ஃபியை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போரை வெறுக்கும் ஒரு பெண், இரண்டாம் உலகப் போரில் மிக அதிகமாக விருது பெற்ற அமெரிக்கப் படைவீரர்களில் ஒருவரை வியப்பதில் சங்கடம் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுதுவதைவிட, அந்தச் சங்கடத்தைப் பற்றியே பேசுவது நல்லது.

டெக்சாஸில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் மர்ஃபி. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்ற அம்மா 1941இல் இறந்துபோனார். வயதும் எடையும் போதாது என்று படைகள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1942இல், வயதைக் கூட்டிக் காட்டும் பத்திரத்தில் அக்கா கையெழுத்துப் போட்டுத் தர, தரைப்படையில் சேர்ந்தார். 1945 ஜனவரி 26 அன்று பிரான்சின் ஹோல்ட்ஸ்விர் கிராமத்தருகே, தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்த பீரங்கி வண்டியின் மீதேறி, அதன் இயந்திரத் துப்பாக்கியால் தனியொருவராக ஜெர்மானியப் படையைத் தடுத்து நிறுத்தினார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. ‘லைஃப்’ இதழின் அட்டையில் குழந்தை முகம் மாறாத அந்தப் படம் வந்தது. அதைப் பார்த்த நடிகர் ஜேம்ஸ் காக்னி அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

அவற்றுள் 1955இல் வந்த ‘டு ஹெல் அண்ட் பேக்’ தனி வகை. அதில் மர்ஃபி மர்ஃபியாகவே நடித்தார். முதலில் தயங்கினார், வேறொருவர் நடிக்கட்டும் என்றார். ஆனால் படம் பெரும் வெற்றி பெற்றது. யுனிவர்சல் நிறுவனத்துக்கு அக்காலத்தில் மிக அதிகம் ஈட்டித்தந்த படங்களில் அது ஒன்று.

அந்தப் படத்தில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். தொடக்கத்தில் ஒரு தாய். அவர் சாக வேண்டும், அப்போதுதான் மகன் படைக்குப் போக முடியும். நடுவில் இத்தாலியில் ஓர் இளம்பெண். சற்று நேரம் ஆறுதல் தந்துவிட்டு அவள் மறைய வேண்டும். வீரன் புறப்படுவதற்கு ஒருத்தி, இளைப்பாறுவதற்கு ஒருத்தி. பதக்கம் சூட்டும் விழாவோடு படம் முடிந்துவிடுகிறது. என் விமர்சனத்தின் மையமே இந்த முடிவுதான். பதக்கம் வாங்கிய மனிதன் அன்றிரவு எந்த வீட்டுக்குப் போனான், அங்கே யார் இருந்தார்கள் என்பது கதையிலேயே இல்லை.

இருந்தவர் ஒரு நடிகை. வாண்டா ஹெண்ட்ரிக்ஸ் 1947இல் ‘ரைட் த பிங்க் ஹார்ஸ்’ படத்தில் கவனம் பெற்றவர். 1949இல் மர்ஃபியை மணந்தார். ஈராண்டில் மணமுறிவு. மர்ஃபியின் கொடுங்கனவுகளைப் பற்றி அவர் பேசியிருக்கிறார். போரில் அநாதையான ஜெர்மானியக் குழந்தைகளைச் செய்திப்படத்தில் பார்த்து மர்ஃபி குற்ற உணர்வில் அழுததைச் சொன்னவரும் அவர்தான். ஒருமுறை தன்னைத் துப்பாக்கி முனையில் நிறுத்தினார் என்றும் அவர் சொன்னார்.

இந்தச் சாட்சியத்தை ரசிகர்கள் இரண்டு விதமாகக் கையாளுகிறார்கள். முதல் விதம், நம்ப மறுப்பது. இதை எதிர்கொள்வது சுலபம், நமக்குப் பழக்கப்பட்டது. இரண்டாவது நுட்பமானது: ‘பாவம், போர் அவரை அப்படி ஆக்கிவிட்டது’ என்பது. நானும் இதைச் சொல்லியிருக்கிறேன். இதில் பொய் இல்லை. மர்ஃபி தலையணைக்கடியில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு தூங்கியவர். தூக்கமாத்திரைக்கு அடிமையாகி, பிறகு தன்னை ஓர் அறையில் அடைத்துக்கொண்டு அதிலிருந்து மீண்டவர். கொரியா, வியட்நாம் போர்களிலிருந்து திரும்பியவர்களின் மனக்காயத்துக்கு அரசு மருத்துவம் தர வேண்டுமென்று வெளிப்படையாகப் பேசியவர். அந்த நோய்க்கு இன்று நாம் சொல்லும் பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980இல்தான். அவர் 1971இல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

ஆனாலும் அந்த இரக்கம் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். துப்பாக்கிக்கு எதிரே நின்ற பெண், அதைப் பிடித்திருந்த ஆணின் நோய்க்குறிகளுள் ஒன்றாகிவிடுகிறாள். அவளுடைய பயம் அவனுடைய வாழ்க்கை வரலாற்றில் ஒரு பத்தி. நோய் ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். யாருக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியை அது அழித்துவிடக் கூடாது. இரண்டையும் ஒருசேரச் சொல்ல முடியும்: அவர் காயப்பட்டவர், அவரால் வாண்டா அச்சத்தில் வாழ்ந்தார்.

மர்ஃபியின் சிறந்த நடிப்பு, என் பார்வையில், ஜான் ஹஸ்டனின் ‘த ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ (1951). உள்நாட்டுப் போரில் பயந்து களத்தைவிட்டு ஓடும் இளைஞன் வேடம். ஸ்டூடியோ அதை வெட்டி 69 நிமிடமாக்கி வெளியிட்டது, ஓடவில்லை. ஓடாத வீரன் ஓடுகிறவனாக நடித்ததை மக்கள் பார்க்க விரும்பவில்லை. நான்கு ஆண்டு கழித்து, அதே முகம் அஞ்சாமல் நின்றதைக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். வியப்பு என்பது நாம் ஒருவருக்குத் தரும் பரிசு என்று நினைக்கிறோம். அது ஒரு கட்டளையும்கூட: இதே போல இரு, பயத்தை வெளியே காட்டாதே. வெளியே காட்ட முடியாத பயம் வீட்டுக்குள் வருகிறது.

அந்த வீட்டில் இரண்டாவதாக வாழ்ந்தவர் பமேலா. மர்ஃபி இறந்தபோது மிஞ்சியது கடன். பமேலா சிறிய குடியிருப்பு ஒன்றுக்கு மாறி, லாஸ் ஏஞ்சலஸ் அருகே செபுல்வேடாவில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் எழுத்தர் வேலையில் சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அங்கே இருந்தார். வரிசையில் காத்துக் கிடந்த ஒவ்வொருவரையும் ‘மிஸ்டர்’ என்று மரியாதையாக அழைத்து, கூடவே போய் மருத்துவரிடம் சேர்த்துவிடுவார் என்பார்கள். 2010இல் காலமானார்.

இவரைத் தியாகத் திருவுருவாக்கும் ஆசை எனக்கும் வருகிறது. அடக்கிக்கொள்கிறேன். அந்த ஆசையும் ‘டு ஹெல் அண்ட் பேக்’ படத்தின் தொடர்ச்சிதான். பமேலாவின் கதை சொல்வது வேறு: அரசு பதக்கம் தந்தது, ஸ்டூடியோ லாபம் எடுத்தது, பராமரிப்பும் கடனும் ஒரு பெண்ணின் கணக்கில் எழுதப்பட்டன. அவர் செய்தது தெய்வத்தின் கருணை அல்ல, வேலை. வேலையாகவே அதை மதிப்போம்.

அப்படியானால் மர்ஃபியை வியக்கலாமா? வியக்கலாம். கடனில் இருந்தபோதும் மது, சிகரெட் விளம்பரங்களில் நடிக்க மறுத்ததற்காக. ஆர்லிங்டனில் பதக்கம் பெற்றோரின் கல்லறைக் கற்களில் பொன் பூசுவார்கள். தனக்குச் சாதாரணக் கல் போதும் என்றதற்காக. தன் தூக்கமின்மையை வெட்கப்படாமல் வெளியே சொன்னதற்காக. எரியும் வண்டிமீது ஏறியதற்காகவும்தான்.

ஆனால் எங்கே படத்தை நிறுத்துகிறோம் என்பது நம் பொறுப்பு. என் படம் பதக்க விழாவில் முடியாது. வாண்டா பேசி முடிக்கும்வரை விளக்கைப் போட மாட்டேன்.