வேட்டி மடிப்பில் தெரியும் மனிதர்கள்

பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும், இடுக்கி மலையின் இரு சரிவுகளிலும், ஆண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்வது ஏறக்குறைய ஒரே துணிதான். வாளையாற்றுக்குக் கிழக்கே அதற்கு வேட்டி என்று பெயர், மேற்கே முண்டு என்று பெயர், வண்ணக் கட்டம் போட்டதாக இருந்தால் கம்பத்திலும் குமுளியிலும் அது கைலி. ஆகவே இந்த எல்லைப்பகுதியைக் களமாகக் கொண்ட திரைப்படங்களில் ஒரு பாத்திரம் என்ன உடுத்தியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பவருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அந்தத் துணி எந்த உயரத்துக்கு மடிக்கப்படுகிறது, யாரைக் கண்டதும் இறக்கிவிடப்படுகிறது, எந்த வேலைக்காக வரிந்து கட்டப்படுகிறது என்று கவனிப்பவருக்கோ, அந்த மனிதனின் தொழிலும் செருக்கும் அச்சமும் அவன் வாய் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகின்றன.

நாட்டிய சாத்திரம் நடிப்பை நான்காகப் பிரிக்கிறது. உடை, அணி, ஒப்பனை ஆகியவற்றால் உணர்த்துவது ஆகாரியம். கை, கால், கண் முதலிய உறுப்புகளின் அசைவால் உணர்த்துவது ஆங்கிகம். பேச்சால் உணர்த்துவது வாசிகம். உள்ளத்தின் நிலை கண்ணீராகவும் வியர்வையாகவும் நடுக்கமாகவும் உடலில் தானே வெளிப்படுவது சாத்துவிகம். தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று இலக்கணம் வகுத்தது இந்தக் கடைசி வகைக்கு மிக நெருக்கமானது. பாலக்காடு மாவட்டத்து வெள்ளிநேழியில் வேரூன்றிய கல்லுவழிக் கதகளியில் ஆகாரியத்துக்குத் தெளிவான அகராதியே உண்டு: பச்சை முகம் உயர்ந்த நாயகனுக்கு உரியது, கத்தி வேடம் இராவணனைப் போல வீரமும் செருக்கும் கலந்தவனுக்கு உரியது, கரி வேடம் வேடனுக்கும் அரக்கிக்கும் உரியது என்பதை அறிந்த ரசிகர், வேடத்தைக் கண்ட கணத்திலேயே பாத்திரத்தின் இயல்பை அறிந்துகொள்கிறார். அதே மாவட்டத்தின் பத்திரகாளி கோயில்களில் கம்பராமாயணப் பாடல்களோடு நிகழ்த்தப்படும் தோல்பாவைக்கூத்திலோ நிறம் மறைந்து, விளக்கொளியில் விழும் நிழல் மட்டுமே ஆளை அடையாளம் காட்டுகிறது. திரைப்படத்துக்கு இப்படியொரு முன் ஒப்பந்தம் கிடையாது. ஒவ்வொரு படமும் தன் உடைகளின் பொருளைத் தானே தொடக்கக் காட்சிகளில் கற்றுக்கொடுக்கிறது. அந்தக் காட்சிகளைக் கதைக்கான முன்னுரை என்று அசட்டையாகக் கடந்துவிடுபவர் பிற்பகுதியில் வரும் மாற்றங்களின் கனத்தை உணர முடியாமல் போகிறார்.

முதலில் பழக வேண்டியது வேட்டியின் மடிப்பைப் பார்ப்பது. மடித்துக் கட்டுவது நடைக்கும் வேலைக்கும் வசதியான செயல்தான் என்றாலும், பெரியவர் முன்னும் அதிகாரி முன்னும் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிடுவது மரியாதையாகக் கருதப்படுகிற ஊரில், இறக்காமல் நிற்பதே ஒரு அறைகூவல் ஆகிவிடுகிறது. வசனத்தில் ஒரு சொல்லும் இன்றி இருவருள் யார் மேல், யார் கீழ் என்பதை முடிவு செய்யும் அந்த ஒரு நொடியில் நடிகரின் கை தயங்குகிறதா, அனிச்சையாக இயங்குகிறதா என்று பார்த்தால், பாத்திரம் அந்த மரியாதையை மனத்தால் தருகிறதா, பழக்கத்தால் தருகிறதா என்பதுகூடத் தெரிந்துவிடும்.

சச்சி இயக்கி 2020-ல் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ இந்தப் பயிற்சிக்கு மிகப் பொருத்தமான படம். கோவை மாவட்டத்தை ஒட்டிய அட்டப்பாடியில், மதுவிலக்கு நடப்பில் உள்ள பகுதியில், மதுப்புட்டிகளோடு பிடிபடும் கோஷி குரியன் இடுக்கியின் கட்டப்பனையைச் சேர்ந்த செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளை, ஓய்வுபெற்ற இராணுவ ஹவில்தார். பிடிப்பவர் உதவி ஆய்வாளர் அய்யப்பன் நாயர். காவல் நிலையத்தில், பறிமுதல் செய்த மதுவையே கைதிக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டிய நிலை அய்யப்பனுக்கு வருகிறது. சீருடை அணிந்திருப்பவர் அவர்தான். ஆனால் அந்த இடத்தின் அதிகாரம் எதிரே உட்கார்ந்திருப்பவனின் தோளுக்கும் சாய்வுக்கும் இடம் மாறிவிடுகிறது. ஆகாரியம் ஒன்றைச் சொல்ல ஆங்கிகம் அதை மறுக்கும் இத்தகைய கணங்களே திரையில் உடையைக் கவனிப்பதன் உச்சப் பலன். பின்னர் அய்யப்பன் பணியிலிருந்து விலக்கப்படும்போது, முண்டூர் மாடன் என்று ஒரு காலத்தில் அஞ்சப்பட்டவனை அடக்கி வைப்பதற்காகவே அவனுக்குக் காக்கிச் சட்டை மாட்டப்பட்டது என்ற செய்தி வெளிவருகிறது. சீருடை என்றால் அதிகாரம் என்று எண்ணிப் பழகிய பார்வையாளருக்கு அது ஒரு கடிவாளம் என்பது அப்போதுதான் விளங்குகிறது. அதன்பின் முண்டோடு வரும், அய்யப்பனாக நடிக்கும் பிஜு மேனனின் உடல் அவசரப்படுவதே இல்லை. குரல் தணிந்து, நடை தளர்ந்து, மண்வாரி இயந்திரம் ஒரு கட்டடத்தை இடிக்கும்போதுகூட அந்த நிதானம் கலையாமல் இருப்பதுதான் அச்சுறுத்துகிறது.

உடையில் பலரும் கவனிக்கத் தவறுவது காலணி. திலீஷ் போத்தன் இயக்கிய ‘மகேஷின்டெ பிரதிகாரம்’ (2016) இடுக்கியின் பிரகாஷ் என்ற சிற்றூரில் நடப்பது. அதன் நாயகன் சிறிய புகைப்பட நிலையம் வைத்திருப்பவன். படத்தின் தொடக்கத்தில் மகேஷ் ஓடும் நீரில் தன் ரப்பர் செருப்பைத் தேய்த்துக் கழுவுகிறான். ஊரார் பார்க்கத் தெருவில் அடிபட்டு, முண்டு அவிழ்ந்து அவமானப்பட்ட பிறகு, அடித்தவனைத் திருப்பி அடிக்கும்வரை செருப்பு அணிவதில்லை என்று அவன் உறுதி எடுத்துக்கொள்ளும்போது, அந்தத் தொடக்கத்தின் பொருள் முழுமை பெறுகிறது. அதன் பிறகு படம் முழுவதிலும் மகேஷாக நடிக்கும் ஃபகத் ஃபாசிலின் வெறுங்கால்கள் ஒரு வசனத்தைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கின்றன. திரைச்சட்டம் முகத்தையும் மார்பையும் மட்டும் காட்டும்போதுகூட, அந்தக் கால்கள் கல்லிலும் தாரிலும் நிற்கின்றன என்ற நினைவு பார்வையாளரை விட்டு அகலுவதில்லை.

அதே படத்தில் உடல்மொழிக்கு ஒரு பாடமே நடத்தப்படுகிறது. முகவாயை இறக்கு, தோளைச் சமன் செய், கண்ணைத் திற என்று சொல்லி மகேஷ் எடுக்கும் புகைப்படத்தில் ஜிம்ஸி என்ற பெண் உயிரற்றுத் தெரிகிறாள். அவளும் அதைச் சொல்லிவிடுகிறாள். தன் தந்தையிடமிருந்து காத்திருந்து பார்க்கும் கலையை மகேஷ் கற்றுக்கொண்ட பிறகு, அவள் தன்னை மறந்து நிற்கும் ஒரு கணத்தில் எடுக்கும் படத்தில்தான் அவள் அவளாக இருக்கிறாள். நிலையாக நிறுத்தப்பட்ட உடலுக்கும் தானாக இருக்கும் உடலுக்கும் உள்ள தொலைவை இவ்வளவு எளிமையாக விளக்கிய படம் தென்னிந்தியத் திரையில் அரிது.

தேனி மாவட்டத்து அடிவாரத்துக்கும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கும் இடையே சுமை தூக்கி வாழ்பவர்களைப் பற்றிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) வேறு வகைக் கவனத்தைக் கேட்கிறது. லெனின் பாரதி இயக்கிய இப்படத்தில் உள்ளூர் மக்கள் பலரும் நடித்திருக்கிறார்கள். மலைப்பாதையில் மூட்டையோடு நடக்கும் உடலுக்கு அதற்கே உரிய இலக்கணம் உண்டு: கழுத்து அசையாது, பார்வை நான்கடிக்கு முன்னால் தரையில் இருக்கும், முழங்கால் முழுவதும் நீளாது, பேச்சு மூச்சுக்கு இடையில் துண்டு துண்டாக வரும். ஒத்திகையில் இதை ஓரளவு கற்கலாம். ஆனால் சுமையை இறக்கிய பின்னும் தோளில் தங்கியிருக்கும் சரிவை ஒப்பனையாலும் உடையாலும் உண்டாக்கிவிட முடியாது. ஆகவே இப்படத்தைப் பார்ப்பவர் சுமை தூக்கும் காட்சிகளைவிட, சுமையில்லாத காட்சிகளில் இம்மனிதர்கள் எப்படி உட்காருகிறார்கள், துண்டை எங்கே போடுகிறார்கள் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு துண்டு நிலத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த ரங்கசாமி, இறுதியில் தனக்கிருந்த நிலத்திலேயே நிறுவப்பட்ட காற்றாலைக்குக் காவலாளியாக, சீருடை அணிந்து உட்கார்ந்திருக்கிறான். அய்யப்பனின் சீருடை ஒருவனை அடக்கிவைத்தது. ரங்கசாமியின் சீருடை ஒருவனை இல்லாமலாக்கிவிடுகிறது. மலையில் ஓயாது நடந்த உடல் நாற்காலியில் அசையாது இருப்பதைக் காட்டும் அந்தக் காட்சிக்கு ஈடாக எந்த வசனமும் எழுதியிருக்க முடியாது.

எல்லைக்கு இருபுறமும் திரைப்படங்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு அநீதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். மலையாளப் படங்களில் தமிழர் என்றால் எண்ணெய் வழியும் தலையும் கூசவைக்கும் நிறச் சட்டையும், தமிழ்ப் படங்களில் மலையாளி என்றால் தேநீர்க்கடையும் சந்தனப் பொட்டும், மலையாளப் பெண் என்றால் ரவிக்கையும் முண்டும் என்று முடிவு செய்துவிட்டு, பழங்குடியினருக்குப் பாசிமணியைக் கழுத்தில் போட்டு வேலையை முடித்துக்கொள்ளும் உடை அமைப்பு, கதகளியின் அகராதியைக் கற்காமல் அதன் சோம்பலான நிழலை மட்டும் எடுத்துக்கொள்வது. கதகளியின் வேடம் மனிதனைப் பெரிதாக்குகிறது, இது சிறிதாக்குகிறது. ஒரு உடை பாத்திரத்தின் வாழ்விலிருந்து வந்ததா, பார்ப்பவரின் முன்முடிவிலிருந்து வந்ததா என்று கேட்டுப் பார்ப்பது ரசிகரின் கடமைகளுள் ஒன்று. அந்தச் சட்டை துவைத்துத் துவைத்து எங்கே வெளுத்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இந்தப் பழைய வழக்கத்துக்கு மிக அழகான மறுமொழி லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. எஸ். ஹரீஷின் திரைக்கதையில் உருவாகி 2022 டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்ட இப்படத்தின் ஒளிப்பதிவாளர், ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைப் படம்பிடித்த அதே தேனி ஈஸ்வர். வேளாங்கண்ணி சென்று திரும்பும் மலையாளிகளின் வண்டியில் நாடகக் குழு நடத்தும் ஜேம்ஸ் தமிழ்நாட்டின் உணவிலும் பாட்டிலும் சலிப்புக் காட்டிக்கொண்டு வருகிறான். நண்பகல் உறக்கத்திலிருந்து விழித்தவன் வண்டியை நிறுத்தச் சொல்லி, வயலுக்குள் இறங்கி, ஒரு தமிழ்ச் சிற்றூரின் வீட்டுக்குள் நுழைந்து, காணாமல்போன சுந்தரம் என்பவனாக வாழத் தொடங்கிவிடுகிறான். ஜேம்ஸாக நடிக்கும் மம்மூட்டிக்கு இங்கே ஒப்பனை மாற்றம் எதுவும் தரப்படவில்லை. மாறுவது முண்டு கைலியாவது ஒன்றுதான். எஞ்சியதை எல்லாம் உடலே செய்தாக வேண்டும். நகராத ஒளிப்பதிவுக் கருவி எட்ட நின்று பார்ப்பதால் முகபாவத்துக்கு அங்கே வேலை குறைவு, நடைக்கே வேலை அதிகம். அந்நிய ஊரில் கால் வைப்பவனுக்குத் தரையைப் பார்க்கும் பழக்கம் இருக்கும். இவன் பாதைகளைக் கால்களால் அறிந்தவனாக நடக்கிறான். முடிதிருத்தும் கடையின் கண்ணாடியில் தெரியும் முகம் தன்னுடையது அல்ல என்று அவன் திகைக்கும்போது, உடலும் கைலியும் ஒப்புக்கொண்டதை முகம் மட்டும் ஒப்புக்கொள்ளாத விந்தை நிகழ்கிறது.

இப்படத்தை ஒலியை நிறுத்திவிட்டு மறுமுறை பார்ப்பது நல்லது. பின்னணியில் இடைவிடாது ஒலிக்கும் பழைய தமிழ்ப் பாடல்களும் வசனங்களும் அகன்றபின், இன்னொரு நண்பகல் உறக்கத்திலிருந்து அவன் மீண்டும் ஜேம்ஸாக எழும் காட்சியில், விழித்தவன் யார் என்பதை அறிவிக்க, உடுத்திய துணியும் தோளும் நடையும் மட்டுமே எஞ்சியிருக்கும். அந்த ஊரின் வாசலையும் மாட்டையும் தெருவையும் தன்னுடையவை என்று கொண்டாடிய கால்கள், அதே வயல்வரப்பில், இப்போது வழியறியாதவனின் கால்களாகத் திரும்பி நடக்கின்றன.