முதலில் மரம், அப்புறம் வில், கடைசியில் பரண்

வில்வேட்டைக்கு ஏறுபரண் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எடை எவ்வளவு?" என்பதுதான். அதைக் கடைசியில் கேளுங்கள் என்பேன். வேட்டைக்குப் போகும் காட்டில் என்ன மரம் நிற்கிறது, உங்கள் வில் எத்தனை அங்குலம், உட்கார்ந்தபடி நாணை முழுதாக இழுக்க இடம் இருக்கிறதா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு எடையைப் பேசலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஓக்கோனி தேசியக் காட்டுப் பக்கம் சில பருவங்களாக மூன்று வகை ஏறுபரண்களை மாற்றி மாற்றி முதுகில் சுமந்துபோய் ஏறியிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டையை அந்தந்த மாநில அரசே உரிமம் கொடுத்து, பருவம் குறித்து, எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி நடத்துகிறது. ஜார்ஜியாவில் வில்லுக்கான பருவம் செப்டம்பரில் தொடங்கிவிடும். வில்லுக்கு மான் 20, 25 கெஜத்துக்குள் வந்தாக வேண்டும். அந்த நெருக்கத்தில் தரையில் நிற்பவனின் வாடையையும் அசைவையும் மான் பிடித்துவிடும். அதனால்தான் மரத்தின் மேல் ஏறுகிறோம்.

ஏறுபரண், வேட்டைக்காரர்கள் வாயில் சுருக்கமாக 'க்ளைம்பர்', இரண்டு துண்டாக வரும். மேல்துண்டில் இருக்கை, கீழ்த்துண்டில் நிற்கும் தட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பிவடமோ பெல்ட்டோ மரத்தைச் சுற்றி வந்து மாட்டிக்கொள்ளும். பாரம் ஏறும்போது துண்டின் வெளிமுனை தாழும். உள்பக்கப் பற்கள் பட்டையைக் கவ்வும். பின்னால் வடம் இறுகும். பாரத்தை எடுத்து லேசாகத் தூக்கினால் பிடி விட்டுவிடும். மேல்துண்டை உயர்த்தி அதன்மேல் பாரத்தைப் போட வேண்டும். பாதங்களைத் தட்டின் வாரில் கோத்துக் கீழ்த்துண்டை மேலே இழுத்து, குதிகாலால் அழுத்த வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஓர் அடி. பொது வேட்டைக் காடுகள் பலவற்றில் மரத்தில் ஆணியோ திருகுபடியோ இறக்கக் கூடாது என்பது சட்டம். இரண்டுமே இல்லாமல் 18, 20 அடி போய்விடலாம் என்பதுதான் இதன் பெரிய பலம்.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. நேராக, 20 அடி வரை கிளை இல்லாமல், சுமார் 8 முதல் 20 அங்குலம் வரை குறுக்களவு உள்ள மரம் வேண்டும். ஜார்ஜியாவில் லோப்லாலி பைன் அப்படித்தான் வளர்கிறது. டியூலிப் பாப்லரும் நன்றாக வரும். பக்கத்தில் ஷேக்பார்க் ஹிக்கரி நின்றால் ஆசைப்படாதீர்கள். அதன் பட்டை ஏடு ஏடாகத் தொங்கும். பற்கள் மரத்தைப் பிடிக்காமல் ஏட்டைத்தான் பிடிக்கும், கூடவே காடு முழுக்கக் கேட்கும் சத்தம். பீச் மரத்தின் பட்டை வழவழப்பு; பனியோ மழையோ சேர்ந்தால் வழுக்கும். ஆஷ் மரம் ஒரு காலத்தில் வடமாநில வேட்டைக்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை, அத்தனை நேர். 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட மரகத ஆஷ் வண்டு அந்த மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிட்டது. பட்டுப்போன ஆஷ் எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. உங்கள் காட்டில் வளைந்த ஓக்கும் தாழ்ந்த கிளைகளும்தான் அதிகம் என்றால் ஏறுபரணே வேண்டாம். சாடில் என்கிற இடுப்புத் தொட்டிலும் கழற்றி மாட்டும் படிகளும் அங்கே சரியாக வரும்.

மரம் மேலே போகப் போக ஒல்லியாகும். கடையில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அடிமரத்தில் தட்டைச் சமமாக மாட்டினால் 18 அடியில் அது வெளிப்பக்கம் சரிந்து நிற்கும். மணிக்கணக்கில் அதில் நின்றால் முழங்காலும் நம்பிக்கையும் போய்விடும். அதனால் தரையில் மாட்டும்போதே வெளிமுனையை நன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பது மரத்துக்கு மரம் மாறும். பைனுக்குக் கொஞ்சம், அடிபெருத்த பாப்லருக்கு அதிகம். ஏறும்போது ஒவ்வோர் அடிக்கும் அது இறங்கிக்கொண்டே வந்து, உட்காரும் உயரத்தில் சமமாகும். கணக்குத் தப்பினால் கீழே இறங்கி மாட்டுங்கள். மேலே நின்றபடி வடத்தைக் கழற்றி ஒரு துளை மாற்றிப் போடுவது உயிரோடு விளையாடுவது.

இனி பரண்கள். சம்மிட் நிறுவனத்தின் வைப்பர் எஸ்டி, 20 பவுண்டு, அதாவது 9 கிலோ. 300 பவுண்டு வரை தாங்கும். முன்பக்கம் மூடிய சட்டம். மரத்தைப் பார்த்தபடி அந்தச் சட்டத்தில் உட்கார்ந்து எழுந்து ஏறலாம், கைக்கு வேலை குறைவு. திரும்பி உட்கார்ந்தால் தொங்கும் மெத்தை இருக்கை நாள் முழுக்க முதுகைக் கெடுக்காது. துப்பாக்கிக்கும் குறுக்குவில்லுக்கும் முன்சட்டம் நல்ல தாங்கல். அதே நிறுவனத்தின் ஓப்பன்ஷாட் எஸ்டி 15 பவுண்டு. முன்பக்கம் திறந்தது, ஆனால் ஏறுவதற்குக் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். லோன் வுல்ஃப் ஹேண்ட் க்ளைம்பரும் கையால் ஏறுகிற வகைதான், 17.5 பவுண்டு. தட்டு ஒரே வார்ப்பாக வரும் அலுமினியம் என்பதால் குழாய்ச் சட்டங்களில் வருகிற கிணுகிணுப்பு அதில் இல்லை. இரண்டு துண்டும் தட்டையாக மடிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், புதருக்குள் நடக்கும்போது எதிலும் சிக்காது.

வில்லோடு ஏறிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மூடிய முன்சட்டத்துக்குள் உட்கார்ந்து நாணை இழுத்துக் கீழ்நோக்கிக் குறிவைத்தால் வில்லின் அடிப்பக்கச் சக்கரம் சட்டத்தில் தட்டப் பார்க்கும். மான் 15 கெஜத்தில் நிற்கும்போது உலோகத்தில் உலோகம் பட்டால் அன்றைய வேட்டை முடிந்தது. அச்சுக்கு அச்சு 30 அங்குலம் வரையுள்ள காம்பவுண்ட் வில்லென்றால் சமாளிக்கலாம். முன்கூட்டியே எழுந்து நின்றுவிட வேண்டும். 58, 60 அங்குல ரீகர்வ் வில் வைத்திருப்பவருக்கு மூடிய சட்டம் ஒத்தே வராது. திறந்த முன்பக்கத்தில் இருந்த இருப்பிலேயே இடுப்பை மடித்து எய்யலாம். மான் பார்க்கும்போது எழுந்து நிற்க வேண்டியதில்லை என்பது சிறிய விஷயமல்ல.

என் தீர்ப்பு இதுதான்: வில்லுக்கு மட்டும் வாங்குகிறவர், தோளும் கையும் ஒத்துழைக்கும் வயதில் இருந்தால், திறந்த முன்பக்கத்தையே எடுக்கட்டும். லோன் வுல்ஃபின் அமைதிக்காக அந்த இரண்டரை பவுண்டு கூடுதலை நான் மனமொப்பிச் சுமக்கிறேன். தோள்வலி உள்ளவர், உயரத்தில் முன்னால் ஒரு பிடி இருந்தால்தான் மனம் அமைதியடையும் என்பவர், நவம்பரில் துப்பாக்கியும் எடுப்பவர் வைப்பரைப் பார்க்கலாம். பயத்தோடு உட்கார்ந்திருப்பவனால் நாணை நிதானமாக இழுக்க முடியாது. ஆகவே மனநிம்மதியும் ஒரு தொழில்நுட்ப அளவுதான்.

எதை வாங்கினாலும் வீட்டுப் பின்கட்டில் இரண்டடி உயரத்தில் மாட்டி, வேட்டைக்குப் போடும் அதே கனமான சட்டையோடு, உட்கார்ந்தும் நின்றும் எல்லாத் திசைக்கும் நாண் இழுத்துப் பாருங்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் எளிது, வலப்பக்கம் திரும்புவது கடினம் என்பது அங்கேயே புரிந்துவிடும். காட்டில் மான்தடம் இடப்பக்கம் வரும்படி மரத்தின் எந்த முகத்தில் உட்கார்வது என்பதை முடிவு செய்யுங்கள். உயரத்திலும் பேராசை வேண்டாம். 20 அடிக்கு மேல் போனால் பக்கத்தில் வரும் மானுக்கு அம்பு செங்குத்தாக இறங்கும். இரண்டு நுரையீரலிலும் பாயாமல் ஒன்றோடு நின்றால் அந்த மான் நெடுந்தூரம் ஓடி, வலியோடு சாகும். அதற்கு வழிவைக்காமல் உட்கார்வது வேட்டைக்காரனின் கடமை.

சத்தத்துக்கு ஒரு மாலை செலவிடுங்கள். இரண்டு துண்டும் உரசும் இடங்களில் துணி ஒட்டுநாடா சுற்றுங்கள். கொக்கிகளை ரப்பர் வாரால் கட்டுங்கள். விடியற்காலைக் குளிரில் அலுமினியம் எழுப்பும் ஒரே ஒரு 'டிங்' நூறு கெஜத்துக்குக் கேட்கும்.

உடம்பு முழுக்கச் சுற்றும் ஹார்னஸ் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. டிஎம்ஏ என்ற தயாரிப்பாளர் சங்கத்தின் சான்று பெற்ற பரண்களோடு ஒரு ஹார்னஸ் பெட்டியிலேயே வரும். அது உயிரைக் காக்கும், ஆனால் இருட்டில் மாட்டும்போது வார்கள் முறுக்கிக்கொண்டு பொறுமையைச் சோதிக்கும். சோதித்தால் பலர் மாட்டாமலே ஏறிவிடுகிறார்கள். அதனால் சட்டைபோல் எளிதில் போடக்கூடிய ஒன்றைத் தனியாக வாங்குங்கள். மரத்தைச் சுற்றிய கயிற்றைத் தரையிலேயே கட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் தலைக்கு மேல் நகர்த்திக்கொண்டே ஏற வேண்டும். உட்கார்ந்த பிறகு அதில் தொய்வு அநேகமாக இருக்கக் கூடாது. விழுந்து தொங்க நேர்ந்தால் தொடை வார்கள் ரத்த ஓட்டத்தை அடைக்கும், கால் வைத்து நிற்க ஒரு வளையக் கயிறு பையில் இருக்கட்டும். மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் கயிற்றால் இணைக்க மறக்காதீர்கள். தட்டு நழுவித் தரைக்குப் போய்விட்டால் நீங்கள் மேலேயே மாட்டிக்கொள்வீர்கள். வில்லை ஏறிமுடித்த பின் தனிக்கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பரண் சில நூறு டாலர் என்பதால் பழையது வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாங்கலாம், வடத்தை விரலால் முழு நீளத்துக்கும் தடவிப் பார்த்துவிட்டு. பிளாஸ்டிக் உறை வெடித்திருந்தால் உள்ளே துரு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் இருந்தாலும், ஊசிகளும் பூட்டுகளும் அசல் இல்லாமல் கடையில் வாங்கிய போல்ட்டாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பழைய ஹார்னஸை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அதன் ஆயுள் பொதுவாக ஐந்து ஆண்டு, தைத்த தேதி வாரிலேயே அச்சிட்டிருக்கும்.