புறம்போக்கு: ஒரு சொல்லின் மீட்பு

2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பற்றி நம்மவர்களிடம் நான் கேட்டவை இரண்டே அபிப்பிராயங்கள். கர்நாடக சங்கீதத்தை டி.எம். கிருஷ்ணா சாம்பல் குட்டையில் இறக்கிவிட்டார் என்பது ஒன்று. நல்ல காரியத்துக்கான பிரசாரம், கலையா என்று கேட்பது அநாகரிகம் என்பது மற்றது. இரண்டையுமே பாட்டைக் கேட்காமல் சொல்லிவிட முடியும்.

கபேர் வாசுகியின் வரிகள் பேச்சுத் தமிழ். ஆனந்தபைரவி, பேகடா முதலான ராகங்கள் அவற்றைச் சுமக்கின்றன. எல்லா இடத்திலும் இது கூடிவரவில்லை; தகவல் சொல்லும் அவசரத்தில் ராகம் சில இடங்களில் வெறும் வண்டியாகிவிடுகிறது. ஆனால் பாட்டின் பலம் ஒரு சொல்லில் இருக்கிறது. புறம்போக்கு என்பது வருவாய்த்துறைக் கணக்கில் தீர்வைக்கு வெளியே நிறுத்திய நிலம்: ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் வெளி, சுடுகாடு. தனியாருக்குப் பட்டா இல்லாததால் ஊருக்கே பாத்தியதை. விற்க முடியாதது உதவாதது என்று நினைக்கப் பழகிய நம் வாயில் அது வசவாயிற்று. பாட்டு அந்த வசவை ஒதுக்கவில்லை. வசவுக்குள்ளிருந்தே பழைய அர்த்தத்தை வெளியே இழுக்கிறது. இது கவிதையின் வேலை. பிரசாரத்துக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

பாட்டுக்குப் பொருளான எண்ணூர்க் கழிமுகத்துக்கு வேறொரு பிரதியும் உண்டு: வரைபடம். 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் கீழ் 1996இல் ஒப்புதல் பெற்ற படத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிவெளி, கட்டுமானம் கூடாத பகுதி. பிற்பாடு மாநில அரசுத் தரப்பு காட்டிய படத்தில் கழியையே காணோம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் படங்களை வரவழைத்து ஒப்பிட்டவர்கள் சாதாரணப் பிரஜைகள். ஏட்டில் ஓரெழுத்து மாறினால் சண்டைக்குப் போகும் நம் புலவர்களுக்கு இது பாடபேதமாகவே படவில்லை. பதறியவர்கள், இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்கள்.

பாட்டு வந்த இரண்டு வாரத்தில், ஜனவரி 28 அன்று, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குச் சேதமில்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. எர்ணாவூர் ராமகிருஷ்ணா நகர் குப்பத்தில் மனிதர்கள் எண்ணெயை வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலையின் எண்ணெய்; அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா. பெரியகுப்பத்துக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதன்பின் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து, ஆலை வேண்டாம் என்றார்கள். பாட்டில் எனக்குக் குறையாகப் படுவது இந்தக் குரல்தான். அது இவர்களைப் பற்றிப் பேசுகிறது, இவர்கள் பேசுவதில்லை.

சொல்லை மீட்பது ஒன்று, அதைச் சட்டத்துக்குள் நுழைப்பது வேறு. 2020இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்குப் புதிய வரைவு வெளியிட்டது. பல திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்றது அது. தளர்த்தாதே, இறுக்கு என்று லட்சக்கணக்கில் ஆட்சேபங்கள் போயின. வரைவு இருந்ததோ இங்கிலீஷிலும் ஹிந்தியிலும். எர்ணாவூரில் வலை பின்னுகிறவர் தம் கழியைப் பற்றி ஆட்சேபம் சொல்லவே முதலில் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டும். எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் வெளியிடும்படி டில்லி உயர்நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. மத்திய அரசு அந்த உத்தரவை எதிர்த்து உச்சநீதிமன்றத்துக்குப் போயிற்று.