ஸ்ரீவித்யாவும் அம்மா வேடமும்

1975-இல் வந்த ‘அபூர்வ ராகங்க’ளில் கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழையும் ரஜினிகாந்த், பாடகி பைரவியை விட்டுப் பிரிந்துபோன கணவர். பைரவியாக நடித்த ஸ்ரீவித்யா, 1991-இல் ‘தளபதி’யில் அதே ரஜினிக்குத் தாய். இத்தனைக்கும் ரஜினி பிறந்தது 1950-இல், ஸ்ரீவித்யா 1953-இல். இடையில் 1989-இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் கமல்ஹாசனுக்கு மனைவியும் அவர்தான், தாயும் அவர்தான். ‘அவர்கள்’ (1977) படத்தில் ரஜினியின் மனைவியாக வந்த சுஜாதாவும் ‘உழைப்பாளி’யில் (1993) அவருக்கு அம்மா ஆனார்.

இந்த வழக்கத்தை எடுத்த எடுப்பில் கண்டித்துவிட முடியாது. வயதை மாற்றிக் காட்டுவது நடிப்புத் தொழிலின் அரிச்சுவடி. பைரவியாக நடித்தபோது ஸ்ரீவித்யாவுக்கு வயது இருபத்திரண்டு; படத்திலோ வளர்ந்த பெண்ணுக்குத் தாய். பாடகி எம்.எல். வசந்தகுமாரியின் மகளான அவருக்குப் பாடகி வேடம் இயல்பாகவே பொருந்தியது. ஆனால் அந்த நடுவயது நிதானம் முழுக்க அவருடைய சம்பாத்தியம். கதாநாயகி வாய்ப்புகள் வற்றிய பிறகும் அவரைத் திரையில் நிறுத்திவைத்தது இந்தத் திறமைதான்.

‘தளபதி’யில் பெற்ற குழந்தையை ரயிலில் விட்டுவிட்டவள் கல்யாணி. அதன்பின் ரயில் கூவும்போதெல்லாம் அவள் முகம் மாறுகிறது. வசனம் எதுவும் இல்லை. அந்தப் பெரிய கண்கள் கலங்குவதிலேயே அத்தனை ஆண்டுக் குற்றவுணர்வும் தெரிந்துவிடுகிறது. மகன் எதிரே இல்லாதபோதும் அவளுக்கென்று ஒரு துயரம் இருப்பதால்தான் அந்த வேடம் நிற்கிறது.

‘அபூர்வ சகோதரர்க’ளில் அந்த வாய்ப்பு பாதியிலேயே போய்விடுகிறது. கணவனைக் கொன்றவர்கள் வாயில் ஊற்றிய நஞ்சிலிருந்து தப்பிப் பிழைக்கும் காவேரி, பின்பாதியில் மகன் அப்புவுக்குப் பழைய கதையைச் சொல்லிப் பழிவாங்கலைத் தொடங்கிவைப்பதோடு சரி. அவளுடைய பகையும் மகன் கைக்குப் போய்விடுகிறது.

குறை வயதில் இல்லை, ஒருவழிப் பாதையில் இருக்கிறது. நாயகன் நாற்பதிலும் காதலிக்கலாம். அவரைவிட இளையவர் அவருக்குத் தாயாகிவிட வேண்டும். மலையாளத்தில் நிலைமை வேறு. ‘தளபதி’க்கு அடுத்த ஆண்டே ‘தெய்வத்தின்டெ விக்ருதிகள்’ படத்துக்காகக் கேரள மாநிலச் சிறந்த நடிகை விருதை மூன்றாவது முறையாகப் பெற்றார் ஸ்ரீவித்யா. அதே நடிகை, ஏறத்தாழ அதே வயது. எழுதியவர்களின் பார்வைதான் வேறு. 2006-இல் மறையும்வரை தமிழில் அப்படியொரு மையப் பாத்திரம் அவருக்கு வாய்த்திருந்தால், இன்று அவரை ‘ரஜினியின் அம்மா’ என்று அடையாளம் சொல்ல வேண்டியிருக்காது.

வடபழனியில் வாஹினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம். படப்பிடிப்பு போரூர், குமணன்சாவடி தாண்டிச் செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டிவரை வந்துவிட்டது. அம்மா வேடத்தை எழுதும் முறை அவ்வளவு தூரம் நகரவில்லை. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ‘தென்மேற்குப் பருவக்காற்று’ (2010) படத்தில் அம்மாவாகவே நடித்துச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார் சரண்யா. அங்கே தாயின் உழைப்பும் பிடிவாதமுமே கதையை நடத்துகின்றன. ஆகவே அம்மா வேடம் நடிகைக்குத் தண்டனை என்பதும் தவறு, கௌரவம் என்பதும் தவறு. மகனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று எழுதுகிறவர் கேட்டுக்கொண்டாரா என்பதை வைத்தே அந்த வேடத்தை எடைபோட வேண்டும்.