ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கம்

தமிழ் வழியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். நான் அதிகம் எழுதுவது ஆய்வக ரெக்கார்டு நோட்டில்தான். வலப்பக்கம் கோடு போட்டது. நோக்கம், செய்முறை, முடிவு எல்லாம் பேனாவில். இடப்பக்கம் வெற்றுத்தாள்; படமும் அட்டவணையும் பென்சிலில். எனக்கு அந்த இடப்பக்கம்தான் உயிர். சூடாக்கிய ஆக்ஸாலிக் அமிலத்தில் பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாய் விழுகிறது. நிறம் உடனுக்குடன் மறைகிறது. பிறகு ஒரே ஒரு சொட்டு, வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கிறது. அப்போது பியூரெட் காட்டும் அளவு இடப்பக்கத்தில் பதிவாகிறது. வலப்பக்கச் செய்முறை, வகுப்பு முழுவதற்கும் ஒன்றே. அந்த எண் மட்டும் என் கண்ணும் கையும் சேர்ந்து கண்டது. அதை அழித்துவிட்டு அடுத்தவர் எண்ணை எழுதுவது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். முதல் பக்கச் சான்றிதழில் பதிவெண்ணும், அப்பாவின் முதலெழுத்தோடு என் பெயரும் இருக்கின்றன. ஆனாலும் ஆசிரியர் மேசைக் குவியலில் என் நோட்டை நான் கண்டுபிடிப்பது என் கையெழுத்தில் ‘ழ’வின் சுழியை வைத்துத்தான்.